தோழிக்கு என்ன லாபம்?

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். சாமான் அறையைத் திறந்து, மூலையில் கிடந்த பச்சைத் தகரப் பெட்டியை வெளியே இழுத்து, மூடியைத் தூக்கிப் பார்த்தேன். காலி. நாடகத்துக்கு வைத்திருக்கும் பெட்டி, எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தெரிந்துதான் பார்த்தேன். பிறகு ஒரு கையால் தூக்கினேன். சிரமமே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன். போனில் நீ முதலில் இருமுவாய், அப்புறம் "சாப்பிட்டியா" என்பாய், நான் இளகிவிடுவேன். இந்தத் தடவை இளகுவதாக இல்லை. எழுது.

நம் நாடக மன்றத்தில் அடுத்த மாதம் சனிக்கிழமைகளில் 'பெட்டி நாடகம்' போடுகிறோம். உனக்குத் தலைகீழாகத் தெரிந்த கதை. ஆனாலும் சொல்கிறேன். நேற்றுத்தான் அது எனக்கே சரியாகக் காதில் விழுந்தது.

கப்பல் வணிகர் ஒருவரின் மகள். அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வரும் இளைஞன். இரண்டு பேருக்கும் ஆசை, இரண்டு பேருக்கும் வாய் வராது. பார்த்துப் பார்த்துச் சலித்த தோழி ஒரு தந்திரம் செய்கிறாள். அவனுடைய பெட்டி என்று ஒரு பெரிய பெட்டியைக் கூடத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறாள். "விடியற்காலைப் படகில் போகிறாராம். உன்னிடம் சொல்லிக்கொள்ள மனமில்லையாம்." நாயகி படகுத்துறைக்கு ஓடுகிறாள். போகாதீர்கள் என்கிறாள். கல்யாணம். கடைசிக் காட்சியில் யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். நாயகியும் சிரிக்கிறாள். திரை.

நேற்று ஒத்திகையில் தோழியாக நடிக்கிற பெண், பகலில் மருந்துக்கடையில் வேலை செய்பவள், அதனால் எங்களுக்கு அவள் 'மருந்துக்கடை', பாதியில் நின்றுவிட்டாள்.

"மேடம், இவ எதுக்கு இதைச் செய்றா? இவளுக்கு என்ன லாபம்?"

"தோழிம்மா. நாயகி மேல அன்பு."

"அன்புக்காக யாராவது இவ்வளவு பெரிய பெட்டியை இழுப்பாங்களா மேடம்? எங்க வீட்டுல காஸ் சிலிண்டரைக்கூட யாரும் நகர்த்த மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்போது என் வீட்டுக்காரர், நாயகனாக நடித்த காலம் போய் இப்போது நாயகிக்கு அப்பாவாக நடிக்கிறவர், ஒட்டு மீசையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அதை எங்க டைரக்டரம்மாகிட்டக் கேளு. இவங்க அக்கா எங்களுக்காக இழுத்தாங்களே. இதே பெட்டிதான்."

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை என்பதை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

எனக்குத் தெரியாது அக்கா. இருபத்திரண்டு வருடமாகத் தெரியாது. அந்த மழைநாளில் நீ நம் வீட்டு நடைவழியில் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாய். பெட்டிமேல் ஒரு துப்பட்டி போர்த்தியிருந்தது. மழைக்கு என்றாய். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாய். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "காலை வண்டிக்குக் கிளம்பறாராம். உன்கிட்டச் சொல்ல மனசு வரலையாம்" என்றாய். செருப்பில்லாமல் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "போகாதீங்க" என்றேன். "சரி" என்றார். அந்த 'சரி'யை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உலகத்திலேயே சின்னக் காதல் வசனம் என்று. போக இடமே இல்லாதவன் வேறென்ன சொல்வான்?

நாடகத்தில் இருக்கிற தந்திரத்தை எடுத்து உடன்பிறந்தவள் மேல் போட்டுப் பார்க்க உன்னால்தான் முடியும்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. அந்த வாரம் எனக்கு நாடக இயக்கம் படிக்க அந்தத் தூரத்து ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தகவல் வந்ததை உனக்கு மட்டும்தான் காட்டினேன். அவர் போகாமல் நின்றார், நானும் போகாமல் நின்றுவிட்டேன். எனக்கு இடம் கிடைத்தது அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், வாய் வராத ஒரு மனுஷன் உன் பேச்சைக் கேட்டு ஆடினான் என்று விட்டுவிடுவேன். தெரியும் என்றால் அது வேறு. அப்போது நான் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

தெரியுமா, தெரியாதா?

தங்கை


செப்டம்பர் 13

அடி சின்னவளே,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். சாப்பாடு போச்சு. நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஊரார் படுத்த துணியை வெள்ளையாக்குகிறேன். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சரி, வெந்நீர் விட்டால் கறை ஊறிப் போகும். நீ வெந்நீராக ஊற்றியிருக்கிறாய்.

உன் முகத்துக்கு நேரே எல்லாரும் சிரித்தது உனக்கு வலிக்கிறது. அது புரிகிறது. மற்றபடி நீ பேசுவது அநியாயம்.

அந்த நாள்களை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. அவர் நிற்கிற பக்கமே திரும்ப மாட்டாய், ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அவர் ஹார்மோனியத்தைத் துடைப்பார் துடைப்பார், நீ அறையை விட்டுப் போகும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தக் கட்டைகளே தேய்ந்துபோயின. மன்றமே பந்தயம் கட்டியது, எந்த நூற்றாண்டில் வாயைத் திறப்பார்கள் என்று. ரெண்டு ஊமைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி வாயாக இருந்தேன். அதற்கு இவ்வளவு ஏச்சா?

நான் கட்டாயப்படுத்தி உன்னை மணையில் உட்கார வைக்கவில்லை. ஓடியது உன் கால். "போகாதீங்க" என்றது உன் வாய். கூடவே வாழ்ந்தது நீ. பிள்ளை பெற்றது நீ. இப்போது திடீரென்று பெட்டி காலி என்று கண்டுபிடித்து ஒப்பாரி வைக்கிறாய்.

இன்னொன்று. 'பெட்டி நாடகத்தை'த் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள் நீ. அப்பா அதைப் போடாத வருடம் கிடையாது. ஒருத்தி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, நாடக வசனத்தையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி, நீ அதை நம்பினாய் என்றால் யார் நம்புவார்கள்? உனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது. ஓடுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் கொடுத்தேன்.

கோபம் தணிந்ததும் எழுது. மருந்துக்கடைப் பெண் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அவளை விட்டுவிடாதே.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

ஒரு கேள்வி கேட்டேன். குளிர்ந்த தண்ணீர், வெந்நீர், ஹார்மோனியம் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதை மட்டும் தொடாமல் போய்விட்டாய்.

நான் ஏன் நம்பினேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன், வாங்கிக்கொள். உனக்கு நடிக்க வராது. அதனால்தான் நம்பினேன். பதினைந்து வயதிலிருந்து அந்தத் தோழி வேஷம் போட்டாய், ஒரு தடவையாவது காலிப் பெட்டியைக் கனமான பெட்டியாகக் காட்டியிருக்கிறாயா? தோளைக் குலுக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, காய்கறிப் பை தூக்குகிற மாதிரி தூக்குவாய். "கனத்தை மூஞ்சியில காட்டாதடி, கழுத்துல காட்டு" என்று அப்பா தொண்டை கிழியக் கத்துவார். "இவ கட்டை, இவளை வெச்சு விறகுதான் எரிக்கலாம்" என்பார். நீ கோபத்தில் பெட்டியை உதைத்துவிட்டுப் போவாய். அப்படிப்பட்டவள் அன்றைக்குக் கழுத்தில் காட்டினாய். பெட்டி கனம் என்று நான் நினைக்காமல் வேறு என்ன நினைப்பேன்? உன்னைவிட நல்ல நடிகை யார் இழுத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வாழ்க்கையில் நீ ஒரே ஒரு தடவை நன்றாக நடித்தாய். பார்க்க இருந்தது நான் ஒருத்தி.

அவரிடம் பேசினேன். பேசினேன் என்றால், அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். கோபப்படக்கூட ஓர் இடம் விட்டுவைக்க மாட்டேன் என்கிறார்.

"பெட்டி யார் யோசனை?"

"உங்க அக்காவோடது. எனக்குப் பயமா இருந்துச்சு. நேரா வந்து கேட்டு நீ இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் மன்றத்துக்கு எந்த மூஞ்சியோட வர்றது?"

"என்கிட்டக் கேக்கப் பயம். ஏமாத்தப் பயமில்ல."

"அது ஏமாத்தறதாம்மா? விளையாட்டு."

"எனக்குக் காலேஜ்ல இடம் கெடச்சிருந்தது. தெரியுமா?"

கையில் இருந்த பாத்திரத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். "தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சா விடுவேனா?"

நான் நம்பத்தான் விரும்புகிறேன். ஆனால் நேற்றிலிருந்து மனசுக்குள் அவரைப் பற்றி நினைத்தால் 'அவர்' வருவதில்லை, 'அவன்' என்று வருகிறது. வாய் இன்னும் மரியாதையாகத்தான் பேசுகிறது. உள்ளே இருப்பது வேறு யாரோ.

ஒத்திகையில் நாயகியாக நடிக்கிற பெண்ணுக்குக் கடைசிச் சிரிப்பு வரவில்லை. "என்னை ஏமாத்தியிருக்காங்க, நான் எதுக்கு மேடம் சிரிக்கணும்?" என்கிறாள். அப்பாவிடம் இதே கேள்வியை ஒரு தடவை நான் கேட்டேன். "சந்தோஷத்துல சிரிக்கிறா" என்றார். இந்தப் பெண்ணிடம் நான் அதைச் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை.

மருந்துக்கடையின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. நான் பேருந்து நிலையத்துக்கு ஓடிய அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அப்பா படுக்கையில் இருந்தார். கூடத்துச் சாவி என் கையில் இருந்தது. புதுக் கல்யாணம் வேறு. நீ போவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் வீட்டில்தான் ஒருத்தி இருக்கிறாளே. தோழிக்கு லாபம் அதுதான், இல்லையா?

இதற்காவது பதில் சொல். முதல் கேள்விக்கும் சேர்த்து.

தங்கை


செப்டம்பர் 30

சின்னவளே,

சரி. சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்து படி.

நீ கண்டுபிடித்தது சரிதான். ஆனால் பாதிதான் சரி.

அந்தத் தோழியின் வேஷத்தை உன்னைவிட எனக்குத் தெரியும். நீ நாயகியாக விளக்கு வெளிச்சத்தில் நின்றாய், நான் பெட்டியோடு ஓரத்தில் நின்றேன். கடைசிக் காட்சியில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது, எப்போதாவது கவனித்திருக்கிறாயா? எல்லாரும் ஜோடி சேர்ந்து சிரிப்பார்கள், அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவ்வளவுதான். அவளுக்கு வீடு எங்கே, மனசில் யார் இருக்கிறார்கள், ஒன்றும் கிடையாது. எழுதியவருக்கு அவள் ஞாபகமே இல்லை. அப்பாவிடம் கேட்டேன், "நான் உள்ள போய் என்ன பண்றேன்ப்பா?" "டிரெஸ்ஸை மடிச்சு வைம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் உள்ளே போய் உண்மையாகவே மடித்து வைத்தேன், ஒவ்வொரு தடவையும். அப்போது யோசிப்பேன், இவள் ஏன் இதைச் செய்கிறாள் என்று. எனக்குத் தெரிந்த ஒரே விடை இதுதான்: நாயகிக்குக் கல்யாணம் ஆகாதவரை தோழி அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. அதனால் பெட்டியை இழுக்கிறாள். நாயகி மேல் அன்பு இல்லாமல் இல்லை. அன்பும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. உன் மருந்துக்கடைக்கு இதைச் சொல், பெட்டி தானாகக் கனக்கும்.

அன்றைக்குக் கழுத்தில் காட்டினேன் என்று எழுதினாயே. நான் நடிக்கவில்லை. பெட்டிதான் காலி. எனக்கு அது கனமாகத்தான் இருந்தது.

இப்போது என் முறை. கல்லூரியில் இடம் கிடைத்தது என்று நீ குதித்துக்கொண்டு வந்தாய். அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவரை யார் தூக்கி உட்கார வைப்பது, யார் துடைத்துவிடுவது, கூடத்தை யார் திறப்பது, ஒரு வார்த்தை கேட்டாயா? "அக்கா, எந்தப் பையை எடுத்துட்டுப் போறது?" என்று கேட்டாய். அதுதான் உன் கேள்வி. நான் இருப்பேன் என்பது உனக்குச் சுவர் இருக்கும் என்பது மாதிரி. எனக்கும் அந்த வாரம்தான் வெளிநாட்டு ஏஜெண்டிடமிருந்து ஆள் வந்து போனார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ, "ஐயோ, நீ போக்கா, நான் இருக்கேன்" என்றிருப்பாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல். எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததை நம்பி நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் சங்கதி. தெரியும். நான்தான் சொன்னேன். கூடத்தின் பின்னால் குழாயடியில் பெயிண்ட் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். உனக்கு இடம் கிடைத்ததைச் சொன்னேன். கை நின்றது. "போகட்டும். படிச்சிட்டு வரட்டும். நான் எங்க போயிடப் போறேன்" என்றார். அதுதான் முதலில் அவர் வாயில் வந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான்தான் விடவில்லை. "போனவங்க திரும்ப வரமாட்டாங்க" என்றேன். உன்னைப் பற்றித்தான் சொன்னேன் என்று அவர் நினைத்தார். நான் என்னைப் பற்றித்தான் சொன்னேன்.

பெட்டி யோசனையைச் சொன்னேன், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம், "பெட்டியில ரெண்டு சட்டையாவது வைக்கட்டுமா? முழுப் பொய்யா இருக்க வேணாம்" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால், நான் இங்கே வந்து நின்றது, உழைத்தது, எனக்கென்று ஒரு கதவைப் பூட்டித் திறந்தது எல்லாம் தப்பு என்று ஆகிவிடும். அது தப்பு இல்லை. உனக்குச் செய்தது தப்பு. ரெண்டும் ஒரே பெட்டிதான், என்ன செய்யட்டும்?

அக்கா


அக்டோபர் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் ஒரு தட்டை உடைத்தேன். வேண்டுமென்றுதான். "என்னாச்சு?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "கை தவறிடுச்சு" என்றேன். பார், எனக்கும் சுலபமாக வருகிறது.

அப்பாவை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லைதான். அதற்கு நீ என் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டிருக்க வேண்டும். "நான் போறேன், நீ இரு" என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்போம், யாரோ ஒருத்தி தோற்றிருப்போம். தோற்றவள் நானாக இருந்தாலும் எனக்குத் தெரிந்து தோற்றிருப்பேன். நீ என்னை ஜெயித்ததாக நினைக்க வைத்துத் தோற்கடித்தாய். இத்தனை வருடம் உன்மேல் பரிதாபப்பட்டேன், தெரியுமா? எனக்குக் காதலித்த புருஷன், அக்காவுக்கு அழுக்குத் துணி என்று. அந்தப் பரிதாபத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

முதல் சனிக்கிழமை ஆட்டம் முடிந்தது. கூடம் நிறைந்திருந்தது. நாயகியிடம் சொன்னேன்: "சிரிக்க வேணாம். பெட்டி திறந்ததும் உள்ளே பார். பார்த்துட்டே இரு." அப்படியே நின்றாள். ஜனங்கள் சிரித்தார்கள் அக்கா. அவள் முகத்தைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "அந்தப் பொண்ணு முழிச்சுதே, பிரமாதம்" என்றார்.

தோழியை நான் உள்ளே போக விடவில்லை. விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, கூடத்தின் வாசல் வழியாகத் தெருவுக்குப் போகச் சொன்னேன். மருந்துக்கடை அழகாகப் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. கதைக்கு அதுதான் சரி, அதனால் செய்தேன்.

ஆட்டம் முடிந்து அவர் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கேட்டேன். உன் கடிதம் வந்ததைச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தேன். முதலில் அவர் சொன்னது நல்ல வார்த்தைதானே, "படிச்சிட்டு வரட்டும்" என்று. அதை அவர் வாயால் கேட்டிருந்தால் போதும்.

"அந்தக் காலேஜ் விஷயம், நெஜமாவே தெரியாதா?"

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "தெரியாதுன்னுதான் சொன்னேனேம்மா." கண் அசையவில்லை. நடிகர்தானே.

நீ அன்றைக்குச் சொன்ன பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. இந்தப் பொய்க்கு என்ன காரணம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் ஒன்றும் செய்ய மாட்டேன் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான்.

தங்கை


அக்டோபர் 17

சின்னவளே,

நேற்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். நான் உண்மையைச் சொன்னது உன்னிடம் அவரைக் காட்டிக்கொடுப்பதற்காக இல்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

அவர் பயந்தாங்கொள்ளி. கெட்டவர் இல்லை. அப்பாவைக் கடைசிவரை தூக்கிச் சுமந்தது அவர்தான் என்று முன்பு நீயே எழுதியிருக்கிறாய். பொய் சொல்கிறார் என்றால் உன்னை இழக்கப் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான்தான் அவர் தலையில் ஏற்றினேன், போனவர்கள் வரமாட்டார்கள் என்று. அதை இன்னும் இறக்கி வைக்கவில்லை போலிருக்கிறது.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் பார்க்கிறேன். நான் வந்து உங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுகிறேன். அதுவரை கோபத்தில் எதுவும் செய்துவிடாதே. போனையாவது எடுடி.

அக்கா


அக்டோபர் 25

அக்காவுக்கு,

வராதே. நீ வந்து எங்களை உட்கார வைத்துப் பேசினால் அதுவும் ஒரு காட்சியாகிவிடும். நடுவில் நீ நிற்பாய், ரெண்டு பக்கமும் நாங்கள். ஒரு தடவை பார்த்தாயிற்று.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் அதன் உருவம் மாறியிருக்கிறது. உன்னோடு சண்டை போட முடிகிறது. நீ அடித்தால் நான் அடிக்கிறேன், காயம் தெரிகிறது, எங்கே என்று தெரிகிறது. அவரோடு அதுவும் முடியவில்லை. இந்த வாரம் முழுக்கக் காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைத்தார். என் செருப்பு வார் அறுந்திருந்தது, கேட்காமலே தைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் செய்கிறார். ஒரு வாக்கியம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ சொல்வது மாதிரி பயம்தான். ஆனால் அவருடைய பயத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பது நான்.

வாழ்ந்தது எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது இன்னொரு நாடக வசனம். சிரித்திருக்கிறோம். மகன் பிறந்தபோது அவர் அழுத அழுகை பொய் இல்லை. அந்தக் கூடத்தில் நான் போட்ட நாடகங்கள் பொய் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவே இல்லை என்பதை இந்த ஒன்றரை மாதத்தில்தான் பார்த்தேன். நீ கேட்கவில்லை, 'நீ இருக்கிறாயா, நான் போகட்டுமா' என்று. அவர் கேட்கவில்லை, 'என்னைக் கட்டிக்கொள்வாயா' என்று. கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ரெண்டு பேருக்கும் பயம். சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த 'இல்லை' என்னுடையது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு எனக்கு ஒரு ஓட்டத்தைக் கொடுத்தீர்கள். மழையில், செருப்பில்லாமல். அதைப் போய் என் வாழ்க்கையிலேயே நானாகச் செய்த ஒரே காரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்று மத்தியானம் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தேன். கண்ணாடிக்கடைக்கு மேலே ஒரு அறை வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. ஏறிப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், சுவரில் முன்பு இருந்தவர் காலண்டர் மாட்டிய ஆணி. கடைக்காரரின் மனைவி கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டு விசாரித்தாள்.

"எத்தனை பேரும்மா?"

"ஒருத்தி."

"வீட்டுக்காரர்?"

"இருக்கார்."

"அவர் வரமாட்டாரா?"

"தெரியல. பாத்துட்டுச் சொல்றேங்க."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ராத்திரி ரயில் சத்தம் இருக்கும். முதல் வாரம்தான், அப்புறம் பழகிடும்" என்றாள். அறை எனக்கு ஆகும் என்று அவளே முடிவு செய்துவிட்டவள் மாதிரி.

அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் முடிவு செய்தேன். இன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். நாளைக் காலை, டீ குடித்து முடித்த பிறகு, எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லப் போகிறேன். நீ எழுதியது முழுவதும், சட்டை உட்பட. பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. அந்த அறைக்குப் போகப் போகிறேன். மன்றத்தை இனி யார் நடத்துவது என்று அவர்கள் கூடிப் பேசிக்கொள்ளட்டும், இந்த நாடகம்தான் நான் அவர்களுக்குப் போடும் கடைசி நாடகம். இதை அவருக்குச் சொல்லவில்லை, மகனுக்குச் சொல்லவில்லை, மருந்துக்கடைக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் இப்போது மேடையில் விளக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறாள், என்ன எழுதறீங்க மேடம் என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நீயோ அவரோ இடையில் புகுந்து ஏதாவது இழுத்துக்கொண்டு வர முடியாது.

ஒரே ஒரு காரியம் அவருக்கு விட்டுவைக்கிறேன். வேண்டும் என்றால் அவர் மாடி ஏறி வந்து, கதவைத் தட்டி, என் முகத்தைப் பார்த்து, கேட்கலாம். யாரையும் அனுப்பாமல், அவர் வாயால். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. தெரியாமலேதான் கதவைத் திறப்பேன்.

தங்கை